இங்கே வசிப்பவள்

ராஜகீழ்ப்பாக்கத்தில் பியூலா வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, என் செருப்பையும் மகள் ஸஹானாவின் செருப்பையும் வாசலிலிருந்து எடுத்து உள்ளே கட்டிலுக்கடியில் தள்ளியதுதான். பியூலாவுக்கு வீட்டுக்குள் செருப்பு வந்தால் ஆகாது. "என்னடி இது, கட்டிலுக்குக் கீழ போய்..." என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் பழகிப்போனது. எங்கள் துணி மொட்டை மாடிக்குப் போகாது, பாத்ரூமுக்குள்ளேயே ஒரு கயிறு கட்டிக்கொண்டேன். பால் பாக்கெட் கூடுதலாக வாங்கினால் கடைக்காரர் "விருந்தாளியா டீச்சர்?" என்று கேட்பார் என்பதால் இருக்கிற பாலில் தண்ணீரைக் கலந்தோம். ஸஹானா பாட ஆரம்பித்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவேன். போனில் புது சிம். ஏ.டி.எம். பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை; பணம் எடுத்தால் மெசேஜ் அவன் நம்பருக்குத்தான் போகும். அந்த வீட்டில் நானும் என் மகளும் இருக்கிறோம் என்பதற்கு வெளியே ஒரு தடயமும் கிடையாது. இதற்கென்று ஒரு பரீட்சை வைத்திருந்தால் நான்தான் முதல் ரேங்க்.

அவன் என்றால் மோகன்ராஜ், என் கணவன். ஓசூரில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். குரலை உயர்த்திப் பேசவே மாட்டான். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் தங்கமான மனுஷன் என்பார்கள். என் இடது கை மோதிர விரல் மடங்காது. பூஜை அறைக் கதவின் இடுக்கில் அந்த விரலை வைத்துப் பிடித்துக்கொண்டு, என்னோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டே கதவை மெதுவாகச் சாத்தினான். ஆஸ்பத்திரியில் "காத்துல கதவு அடிச்சிருச்சு டாக்டர்" என்று சொன்னதும் அவன்தான், என் தலையைத் தடவிக்கொண்டே.

கட்டுப் பிரித்த அன்று சாயங்காலம் ஸஹானாவை மடியில் உட்காரவைத்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக நீவிப் பார்த்தான். "எவ்ளோ சின்னதா இருக்கு பாரேன், ஜெயா" என்றான். மறுநாள் அவன் கடைக்குக் கிளம்பியதும் நான் மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அப்பா அம்மா வீடு அவன் கடைக்கு எதிர்த்தெருவில். அங்கே போயிருந்தால் இருட்டுவதற்குள் அப்பாவே என்னைக் கொண்டுவந்து விட்டு, மாப்பிள்ளையோடு உட்கார்ந்து காபியும் குடித்துவிட்டுப் போயிருப்பார். முன்பு ஒருமுறை அங்கே போனபோது அப்படித்தான் நடந்தது. எனக்கென்று மிச்சமிருந்தது பியூலா ஒருத்திதான். கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவர்கள். இப்போது அவள் டீச்சர், அவள் கணவர் ஐசக் அண்ணா ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறார், மகள் ஜெரூஷா மூன்றாம் வகுப்பு. வாடகை வீடு, சின்ன வீடுதான். எத்தனை நாள் இருப்பாய் என்று இருவரும் ஒருமுறைகூட என்னைக் கேட்டதில்லை.

வெளியாட்களில் எங்களைத் தெரிந்தவர் ஒரே ஒருவர், கோவளத்திலிருந்து ஞாயிறுதோறும் மீன் கொண்டுவரும் பாப்பாக்கா. கூடையைக் கொல்லைப் பக்கம் இறக்கி மீனை ஆய்ந்து தருவார். மீன் பார்க்க ஓடிய ஸஹானாவைப் பிடிக்கப் போய் நான் அவர் கண்ணில் பட்டுவிட்டேன். "இன்னா பொண்ணே, வெளிய வந்தா காத்து கட்ச்சிருமா?" என்று கேட்டார். என் விரலைப் பார்த்தார். அப்புறம் ஸஹானாவுக்கு ஒரு மீனைத் தூக்கிக் காட்டினார்.

ஜெரூஷா ஒருநாள் ஸஹானாவுக்கு வீட்டு முகவரியைப் பாட்டு மாதிரி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். காணாமல் போனால் சொல்ல வேண்டுமென்று அவள் பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் மனப்பாடம் செய்யவைத்திருக்கிறார்கள். "புது நம்பர் பதினேழு, பழைய நம்பர் ஆறு" என்று ஸஹானா கைதட்டிச் சொல்வதைக் கேட்டதும் ஓடினேன். அவளைத் தனியாக இழுத்துப்போய், "யாராவது வீடு எங்கன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லணும். சொல்லு" என்றேன். "தெரியாது" என்றாள். திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன். காணாமல் போனால் வீட்டுக்கு எப்படி வருவது என்று அவள் கேட்டாள்.

வழக்குப் போட்டது பியூலாவின் பிடிவாதத்தால்தான். அவளுடைய சபையைச் சேர்ந்த வக்கீல் கிறிஸ்டி மேடம் தாம்பரம் கோர்ட்டில் எனக்காக மனுத் தாக்கல் செய்தார். அவன் என்னையும் குழந்தையையும் நெருங்கக் கூடாது என்று உத்தரவு வேண்டும், அவ்வளவுதான் கேட்டோம். என் முகவரிக்குப் பதிலாக அவருடைய ஆபீஸ் முகவரியைப் போட்டிருந்தார். அந்தப் புத்திசாலித்தனத்தில் நான் சில வாரங்கள் நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்புறம் அவன் பக்கத்திலிருந்து பதில் வந்தது. கிறிஸ்டி மேடம் என்னை ஆபீஸுக்கு வரச்சொல்லி அதைப் படித்துக் காட்டினார். மனுதாரர் இந்த நீதிமன்ற எல்லைக்குள் வசிப்பவரே அல்ல. சிநேகிதி ஒருத்தியைப் பார்க்க வந்து போனவர். அவர் வசிக்கும் இடம் ஓசூர். ஆகவே வழக்கை இங்கே நடத்த முடியாது, வேண்டுமானால் அங்கே வந்து போட்டுக்கொள்ளட்டும்.

"அங்க போட்டா என்ன ஆகும் மேடம்?"

"ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்க ஓசூர் போகணும்."

எனக்கு அந்த ஊரின் பஸ் ஸ்டாண்ட் கண்முன் வந்தது. அங்கே டீக்கடை வைத்திருப்பவன் அவன் சிநேகிதன். கோர்ட்டுக்குப் போகிற வழியில் அவன் அண்ணன் வீடு. நான் பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு யாராவது அவனுக்குப் போன் போடுவார்கள். அவன் கார் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்கும்படி, "வாம்மா, வீட்டுக்குப் போகலாம்" என்பான். ஊரே அவனைப் பாராட்டும்.

கிறிஸ்டி மேடம் தண்ணீர் கொடுத்தார். "பயப்படாதீங்க, சட்டம் நமக்குச் சாதகமாத்தான் இருக்கு. பாதிக்கப்பட்டவங்க வசிக்கிற இடத்துல கேஸ் போடலாம்னு இருக்கு. சொந்த வீடு வேணும், ரேஷன் கார்டு வேணும்னு எதுவும் இல்ல. நிரந்தரமா வசிச்சாலும் சரி, தற்காலிகமா வசிச்சாலும் சரி. ஆனா ஒரு கல்யாணத்துக்கு வந்தேன், கேஸ் போடறதுக்குன்னே ரெண்டு நாள் தங்கினேன்னா அதை வசிக்கிறதுன்னு ஒத்துக்க மாட்டாங்க. திரும்பிப் போக இடமில்ல, இனி இங்கதான்னு நீங்க இருக்கணும். அப்படி இருக்கறது பாக்கறவங்களுக்குத் தெரியணும்."

"எப்படித் தெரியும்?"

"குழந்தைய எந்த ஸ்கூல்ல சேத்திருக்கீங்க?"

சேர்க்கவில்லை என்றேன். பேங்கில் முகவரி மாற்றினீர்களா என்றார். இல்லை. இங்கே எந்த டாக்டரிடமாவது காட்டினீர்களா? ஸஹானாவுக்குக் காய்ச்சல் வந்தபோது ஜெரூஷா பெயரில் சீட்டு எழுதி மருந்து வாங்கினோம். அக்கம்பக்கத்தில் யாருக்காவது உங்களைத் தெரியுமா? கட்டிலுக்கடியில் கிடந்த செருப்புகளை நினைத்துக்கொண்டேன்.

"நல்லா வசிச்சீங்க, போங்க" என்றார் கிறிஸ்டி மேடம். நானும் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. உயிர் பிழைக்க நான் அழித்த ஒவ்வொரு தடயத்தையும் இப்போது கோர்ட்டு கேட்கிறது.

ஐசக் அண்ணா, நான் எழுதிக் கொடுக்கிறேன், எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள் என்று கையெழுத்துப் போடுகிறேன் என்றார். பயந்த சுபாவம் அவருக்கு. அதைச் சொல்லும்போதே குரல் கம்மியது. அதில் முகவரி இருக்குமே அண்ணா, வேண்டாம் என்றேன். சீல் வைத்த கவரில் முகவரியை நீதிபதியிடம் மட்டும் கொடுக்க முடியாதா என்று கிறிஸ்டி மேடத்தைக் கேட்டேன்.

"கேட்டுப் பாக்கறேன். ஆனா ஒண்ணு யோசிங்க, ஜெயஸ்ரீ. இந்த வாசலுக்கு வராதேன்னு அவருக்கு உத்தரவு போடணும்னா, எந்த வாசல்னு அவருக்குத் தெரியாம எப்படிப் போடறது?"

எனக்குக் கோபம் வந்தது. சட்டம் எழுதியவர்களில் ஒருவராவது ஒருநாள் கட்டிலுக்கடியில் செருப்பை ஒளித்துவைத்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

வாய்தாவுக்கு முந்தைய வாரம், பியூலா சமையலறைக்குள் போனை நீட்டிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் மலர்ச்சி. "இங்க பாரு ஜெயா, எத்தனை பேர் ஆமென் போட்டிருக்காங்கன்னு."

அவர்கள் சபையில் யாருக்காவது ஆபரேஷன், யாருக்காவது பரீட்சை, யார் பையனுக்காவது விசா என்றால் பெண்கள் ஐக்கியத்தின் வாட்ஸப் குழுவில் ஜெபக் குறிப்பு போடுவார்கள். எல்லோரும் அவரவர் வீட்டில் ஜெபிப்பார்கள். பியூலா அதில் பெரிய கை. அவள் போட்டிருந்தது இதுதான்: "ராஜகீழ்ப்பாக்கம் சகோதரி பியூலா ஐசக் வீட்டில் தங்கியிருக்கும் சகோதரி ஜெ. மற்றும் அவர்கள் பெண் பிள்ளைக்காக ஜெபிக்கவும். கணவரின் கொடுமையிலிருந்து விடுதலை கிடைக்கவும், தாம்பரம் நீதிமன்ற வழக்கில் ஜெயம் பெறவும்."

ஜெ. என்று போட்டுவிட்டதால் ரகசியம் காப்பாற்றப்பட்டதாக அவள் நம்பினாள். அந்தச் செய்தியின் கீழே, "எங்கள் ஓசூர் ஐக்கியத்துக்கும் அனுப்பியிருக்கிறேன் சிஸ்டர், அங்கேயும் ஜெபிக்கிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார்.

கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது. "உங்க கர்த்தருக்கு அட்ரஸ் தெரியாதா பியூலா? அதையும் டைப் பண்ணித்தான் அனுப்பணுமா?" என்று கத்தினேன். அந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. பியூலா அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். செய்தியை அழித்தாள். போய்ச்சேர்ந்ததை எப்படி அழிப்பது? அவன் கடையில் பில் போடும் பெண் சபைக்குப் போகிறவள் என்பது எனக்குத் தெரியும். அவளும் நல்ல மனதோடுதான் ஜெபித்திருப்பாள், நல்ல மனதோடுதான் அவனிடம் காட்டியும் இருப்பாள்.

அந்த ஞாயிறு பியூலா ஆராதனைக்குப் போக மாட்டேன் என்றாள். அவள் வீட்டிலிருந்தால் வழக்கத்துக்கு மாறாகத் தெரியும், போ என்று நான்தான் அனுப்பினேன். மூவரும் போனபின் கதவை உள்ளே தாழ்போட்டுக்கொண்டு மீனுக்காகக் காத்திருந்தேன். வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. பாப்பாக்கா இன்றைக்கு ஏன் முன்பக்கம் வருகிறார் என்று நினைத்தபடியே போய்த் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன்.

"ஜெயா."

கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், அதே தணிந்த குரல். தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுத்தால் சத்தம் வரும்.

"நான்தாம்மா. கதவத் திற. கோபமெல்லாம் இல்ல. விரல் எப்படி இருக்கு? மடக்க முடியுதா?"

பின்னால் ஸஹானா நின்றுகொண்டிருந்தாள். அவள் வாயைப் பொத்தலாம் என்று திரும்பினேன். பொத்த வேண்டியிருக்கவில்லை. அவள் தன் இரண்டு கைகளையும் மடக்கி அக்குளுக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். விரல்களை ஒளித்துவைத்துக்கொண்டிருந்தாள். அதுவரை அவளுக்கு ஒன்றும் புரியாது என்று நினைத்திருந்தேன். தாழ்ப்பாளை மெல்ல விட்டு, அவளைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சமையல் மேடைக்கடியில் உட்கார்ந்தேன்.

"ஸஹானா கண்ணு, அப்பா உனக்கு என்ன வாங்கிட்டு வந்திருக்கேன் தெரியுமா?" என்றான். கதவை ஒரு விரலால் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஜன்னல் பக்கம் நிழல் நகர்ந்தது.

"யாரு சார் நீ? டீச்சரம்மா சர்ச்சுக்குப் போய்கீது. இன்னா வோணும்?"

பாப்பாக்காவின் குரல். அவன் குரல் உடனே இன்னும் மரியாதையானது. "இல்லம்மா, என் வைஃப் இங்க இருக்காங்க. குழந்தையும்கூட. கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

"ஓ, அந்தப் பொண்ணா? கொயந்தைய இட்டுகினு வந்துச்சு. ரெண்டு நாளு இருந்துச்சு, பூட்ச்சு."

"போயிட்டாங்களா? எங்க?"

"அத்த எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்லும்? இங்க யாரும் இல்ல சார். வாராவாரம் இந்த வூட்டுக்கு மீனு போடறேன். ரெண்டு பேரும் ஒரு பொண்ணும் துன்ற மீனுதான் வாங்குது. ஆளு கீதுன்னா பத்துமா? நவுரு நவுரு, வெயில்ல மீனு கெட்டுப் பூடும்."

"இங்க யாரும் வசிக்கலைன்றீங்க?"

"தமிழ்லதான சொல்லிகினு கீறேன்? இல்ல!"

"ரொம்ப நன்றிம்மா" என்றான். எதிர்வீட்டு மணி அடித்தது. பிறகு பக்கத்து வீட்டு மணி. எல்லோரும் அப்படி யாரையும் தெரியாதே என்றார்கள். உண்மையைத்தான் சொன்னார்கள். கார் கிளம்பும் சத்தம் கேட்டபிறகும் நான் எழுந்திருக்கவில்லை. பாப்பாக்கா சமையலறை ஜன்னலில் தட்டி, "பூட்டான். கதவத் தொறக்காத, டீச்சரம்மா வர்ற வரைக்கும் அப்டியே குந்திகினு இரு. நா இங்கியேதான் மீன ஆஞ்சிகினு இருப்பேன்" என்றார். அவர் கத்தி பலகையில் உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அன்று முழுக்க ஸஹானா கையை வெளியே எடுக்கவில்லை. நான்தான் ஊட்டினேன்.

அவன் நான் போய்விட்டேன் என்று நம்பிவிட்டான். என் மறைவிடம் தப்பியது. எல்லோரும் எனக்குச் சொன்ன ஒரே ஆறுதல் அதுதான்.

வாய்தா அன்று பியூலா லீவு போட்டு எங்களோடு வந்தாள். கோர்ட் வராந்தாவில் ஸஹானாவை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார, நான் கிறிஸ்டி மேடத்தோடு உள்ளே போனேன். மோகன்ராஜ் ஏற்கெனவே உள்ளே நின்றிருந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. என்னைப் பார்த்துச் சிரித்தான்.

மாஜிஸ்திரேட் நடுத்தர வயதுப் பெண்மணி. அவன் வக்கீல் எழுந்து, ஒரு செல்போனைத் தூக்கிக் காட்டினார். மனுதாரர் வந்து தங்கியதாகத் தெரிந்த சிநேகிதி வீட்டில் என் கட்சிக்காரர் நேரில் விசாரித்திருக்கிறார். அந்த வீட்டுக்கு வாராவாரம் வரும் மீன்காரப் பெண்மணியே அங்கே யாரும் வசிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார், அக்கம்பக்கத்தாரும் அதையே சொல்கிறார்கள், பதிவு இருக்கிறது என்றார். போனில் பாப்பாக்காவின் குரல் கோர்ட் முழுக்கக் கணீரென்று ஒலித்தது. "தமிழ்லதான சொல்லிகினு கீறேன்? இல்ல!" யாரோ சிரித்தார்கள். என்னைக் காப்பாற்றிய அதே வார்த்தை.

"இரண்டு நாள் விருந்தாளியாக இருந்தவர் எப்படி இந்த ஊரில் வசிப்பவர் ஆவார்? மனுவில் வக்கீல் ஆபீஸ் முகவரிதான் இருக்கிறது. வக்கீல் ஆபீஸிலா வசிக்கிறார்? முகவரி இருந்தால் சொல்லட்டும்" என்றார் அவன் வக்கீல்.

கிறிஸ்டி மேடம் சீல் வைத்த கவர் பற்றிக் கேட்டார். அவன் வக்கீல் ஆட்சேபித்தார். எங்கே இருக்கிறார் என்றே எங்களுக்குச் சொல்லாமல், இங்கேதான் இருக்கிறார் என்று நாங்கள் எப்படி ஒப்புக்கொள்வது என்றார். மாஜிஸ்திரேட் கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா. எங்க வசிக்கறீங்க?"

மோகன்ராஜ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை மரத் தடுப்பின்மேல் இருந்தது. ஒரு விரலால் அதை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தான், அன்று கதவைத் தட்டிய மாதிரி. சொல்லாவிட்டால் ஓசூர். சொன்னால் நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். இந்த வாசல் போனால் எனக்கு வேறு வாசல் கிடையாது. ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். எங்கே ஓடுவது? அந்தக் கேள்வி வந்ததும்தான் எனக்குப் பதில் தெரிந்தது. ஓட வேறு இடமில்லாத இடத்தில்தான் நான் இருக்கிறேன்.

"புது நம்பர் பதினேழு, பழைய நம்பர் ஆறு, மூணாவது குறுக்குத் தெரு, கற்பக நகர், ராஜகீழ்ப்பாக்கம்" என்றேன். ஜெரூஷாவின் ராகம்கூடக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. "அங்கதான் வசிக்கறேன் மேடம். நானும் என் பொண்ணும். எங்களுக்குப் போக வேற இடம் இல்ல. வர்ற மாசம் அவளை அங்கயே ஸ்கூல்ல சேக்கப் போறேன்."

"இந்தப் பதிவுல இல்லைன்னு சொல்றாங்களே?"

"அந்த அக்கா எனக்காகப் பொய் சொன்னாங்க. அப்ப நான் கதவுக்குப் பின்னாடிதான் இருந்தேன். அதுக்கு முன்னாடி இவர் பேசினதும் எனக்குக் கேட்டுச்சு." இடது கையைத் தூக்கிக் காட்டினேன். "விரல் எப்படி இருக்கு, மடக்க முடியுதான்னு கேட்டார்."

மரத் தடுப்பில் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. அவன் வக்கீல் திரும்பி அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையிலிருந்தே, இதை அவரிடம் அவன் சொல்லியிருக்கவில்லை என்று தெரிந்தது.

கிறிஸ்டி மேடம் எழுந்தார். "அந்தப் பதிவை முதல்லருந்து போடச் சொல்லுங்க மேடம். கதவுக்குப் பின்னாடி யாருமே வசிக்கலைன்னா இவர் யார்கிட்ட பேசினார்?"

பதிவின் அந்தப் பகுதி மட்டும்தான் இருக்கிறது என்றார் அவன் வக்கீல், குரல் இறங்கிப்போய். மாஜிஸ்திரேட் என் விரலைப் பார்த்தார், மனுவோடு இணைத்திருந்த ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் புரட்டினார், பிறகு பக்கத்தில் டைப் செய்பவரிடம் சொல்ல ஆரம்பித்தார். புது நம்பர் பதினேழு, பழைய நம்பர் ஆறு என்று தொடங்கி என் முகவரியை ஒன்றுவிடாமல் சொன்னார். அந்த முகவரியில் தன் மகளுடன் வசித்துவரும் மனுதாரரை எதிர்மனுதாரர் சந்திக்கவோ, அந்த வீட்டையோ குழந்தை படிக்கும் பள்ளியையோ நெருங்கவோ கூடாது, இது இடைக்கால உத்தரவு என்றார். இத்தனை நாள் நான் மூச்சுவிடாமல் மறைத்த இடத்தை ஒரு அந்நியக் குரல் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"காப்பி ஸ்டேஷனுக்கும் போகும். இனி அவர் அந்த வாசல்ல வந்து நின்னாலே குத்தம்" என்று கிறிஸ்டி மேடம் காதருகே சொன்னார்.

படியில் இறங்கும்போது மோகன்ராஜ் எங்களைக் கடந்து போனான். நிற்கவில்லை, திரும்பவும் இல்லை. "பதினேழு" என்று மட்டும், எனக்குக் கேட்கிற அளவுக்குச் சொல்லிவிட்டுப் போனான். உத்தரவு கையில் இருந்தது. அதற்குக் கதவு கிடையாது, தாழ்ப்பாள் கிடையாது. ஸஹானா கைகளை மறுபடி அக்குளுக்குள் திணித்துக்கொண்டாள். பியூலா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. இந்தத் தடவை அவள் டைப் செய்யவில்லை.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஆட்டோவை நிறுத்தி ஏறினோம். வழக்கமாக நான் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் என்றுதான் சொல்வேன். அங்கே இறங்கி, பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்துப் பார்த்து நடந்து போவோம்.

"எங்கம்மா போணும்?" என்றார் டிரைவர்.

சிக்னல் என்று சொல்ல வாயெடுத்தேன். ஸஹானா என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "தெரியாதுன்னு சொல்லணுமாம்மா?"

ஆட்டோவின் பின்பக்கக் கண்ணாடித் தாள் வழியாகப் பார்த்தேன். கோர்ட் வாசலில் அவன் கார் இன்னும் நின்றுகொண்டிருந்தது. முன்பக்க விளக்கு எரிந்தது.

"வேணாம்" என்றேன். "சொல்லு."

அவள் அக்குளிலிருந்து கைகளை வெளியே எடுத்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தட்டாகக் கைதட்டிக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி, புது நம்பர் பதினேழிலிருந்து ஆரம்பித்தாள். நான் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளை நிறுத்தவில்லை.